குவியலுக்குள் கூறைப்புடவை

1

இன்று எனக்குக் கலியாணமான நாள். அதற்காக இங்கே யாரும் பாயசம் வைப்பதில்லை. எங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போல் விடியும் முன்னே துறைமுகத்துக்குப் போய்விட்டார். அவருக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அழுக்குத் துணி நிறையக் கிடந்தது. துவைக்க உட்கார்ந்தேன்.

ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். கப்பலேறிப் போனவள் துணி மடிக்கிற கதையையா எழுதுகிறாள் என்பார்கள். ஆமாம். அதைத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பெரிய விஷயமெல்லாம் எனக்கு எழுத வராது. ஆனால் இது சின்ன விஷயமும் இல்லை. அன்றைக்குத் துணி மடிபடாமல் போயிருந்தால் என் கலியாணமும் நடந்திருக்காது.

பினாங்கில் துணி காயப்போடுவது மழையோடு ஓடுகிற பந்தயம். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானம் தாண்டினால் மலைப்பக்கம் கறுக்கும். கறுத்துவிட்டால் யோசிக்க நேரமில்லை. நாங்கள் இருப்பது கடைவீதியில் ஒரு மாடி அறை. கொடி கட்ட இடம் கிடையாது. மூங்கில் கழியில் சட்டைக் கையைக் கோத்துச் சன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவோம். சீனர்களைப் பார்த்துக் கற்றது. கீழே தெருவில் போகிறவன் தலையில் நம் வீட்டு வேட்டி சொட்டும். அவனும் ஒன்றும் சொல்லமாட்டான். அவன் வீட்டு வேட்டி வேறொருவன் தலையில் சொட்டிக்கொண்டிருக்கும்.

இன்றைக்கும் கறுத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் ராசம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கழிகளை உள்ளே இழுத்தோம். கடைசிக் கழி உள்ளே வரவும் மழை விழவும் சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வயதிலும் மழையை முந்தினால் அப்படித்தான் இருக்கிறது.

ராசம் துணியைப் பாயில் கொட்டி வகை பிரிக்க ஆரம்பித்தாள். சட்டை ஒரு அடுக்கு, சாரோங் ஒரு அடுக்கு, துண்டு ஒரு அடுக்கு.

"அம்மா, நீங்க மடிக்கிறது தப்பு. ஸ்கூல்ல மிஸ்ஸி சொன்னாங்க, ஒரே ஜாதித் துணியெல்லாம் ஒரே இடத்துல வைக்கணும்னு."

"ஒங்க மிஸ்ஸி வீட்டுல எத்தன அலமாரி?"

"தெரியாது."

"நம்ம வீட்டுல?"

"ஒண்ணுகூட இல்ல லா."

"அப்ப ஆளுக்கு ஒரு அடுக்கு. ஒன் தம்பி சட்டைய ஒங்கப்பா போட்டுக்கிட்டுப் போனா மிஸ்ஸியா வந்து கழட்டிக் குடுப்பாங்க?"

அவள் சிரித்தாள். ஆனால் அடுக்கைக் கலைக்கவில்லை. பிடிவாதம் என்னைப் போல. பேச்சு மட்டும் இந்த ஊரைப் போல.

2

எங்கள் வீட்டில் அலமாரிக்குப் பதில் பால் டின் வருகிற மரப்பெட்டிகள். கடையில் கேட்டு வாங்கி, படுக்க வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறேன். ஆளுக்கு ஒரு பெட்டி. உள்ளே பூச்சியுருண்டை. பெட்டி நிறைந்துவிட்டால் கிழிசல் ஒன்று கரித்துணியாகும். அதற்குமேல் யாருக்கும் சேராது.

மடிக்கிற விதத்தையும் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

உட்கார்ந்து மடிக்கக்கூடாது. உட்கார்ந்தால் பேச்சு வரும், கை நிற்கும். நின்றபடி, மோவாயில் ஒரு ஓரத்தைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்து மடிக்கவேண்டும். வெயில் சூடு ஆறுமுன் மடித்தால் சுருக்கம் விழாது. துவைத்து வந்ததை அடுக்கின் அடியில் செருகவேண்டும், மேலே வைக்கக்கூடாது. மேலே வைத்தால் அதே இரண்டு சட்டைதான் மாறிமாறி உடம்பில் ஏறும், அடியில் இருப்பது மட்கும். புடவையென்றால் முந்தானை வெளியே தெரிய மடிக்கவேண்டும். எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

முக்கியமானது ஒன்று. குவியலுக்குள் கைவிட்டு எதையும் தேடக்கூடாது. கைக்கு எது வருகிறதோ அதை மடி. யாருடையது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும் ராசம் கேட்டாள், "இதெல்லாம் யாரும்மா ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது? எந்த ஸ்கூல்?"

"ஸ்கூல் இல்ல. தீவு" என்றேன்.

அவளும் அவள் தம்பியும் கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். மழை வேறு. சொல்லிக்கொண்டே மடித்தேன்.

3

நாகப்பட்டினத்தில் கப்பலேறியது நானும் என் சித்தியும். என் அப்பா சந்தைசந்தையாகத் துணி மூட்டை சுமந்து விற்றவர். மழை தூறினால் விரித்த கடையை நொடியில் மடிக்கவேண்டும். அந்த வேலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் காலமானதும் அம்மாவின் தங்கைதான் என்னை வைத்துக்கொண்டாள். பினாங்கில் இருந்த மாமன் மகனுக்கு என்னைப் பேசி முடித்தார்கள். கூறைப்புடவையை ஊரிலேயே எடுத்துவிட்டோம். அரக்குப் பட்டு. சித்தி தன் கைவளையலைக் கழற்றிக் கொடுத்து எடுத்தது.

கப்பலில் ஒரு குழந்தைக்கு அம்மை கண்டது. அதனால் பினாங்குக்கு எதிரே இருக்கிற தீவில் எங்களை இறக்கிவிட்டார்கள். தொற்றுநோய் இல்லையென்று தெரிகிறவரை அங்கே கிடக்கவேண்டும். எங்கள் ஆட்கள் அதைக் கொரண்டி என்பார்கள். நீளமான கொட்டகைகள், முள்வேலி, கஞ்சி. எதிர்க்கரையில் ஊர் தெரியும். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும்.

ஒருவழியாக விடுதலை நாள் வந்தது. மறுநாள் காலை எனக்கு முகூர்த்தம். ஆனியில் அதுதான் கடைசி. விட்டால் ஆடி, ஆடியில் தாலி ஏறாது. அதைவிட மோசமான சேதி ஒன்றும் இருந்தது. அன்று சாயங்காலம் இன்னொரு கப்பல் ஆட்கள் அந்தக் கொட்டகைக்கு வருகிறார்கள். பகல் பன்னிரண்டு மணிப் படகில் போகாதவர்கள் அவர்களோடு சேர்ந்து மறுபடி முதலிலிருந்து கிடக்கவேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. மருந்துத் தண்ணீரில் குளித்து, அவர்கள் தரும் கம்பளியைச் சுற்றிக்கொள்ளவேண்டும். நம் துணி முழுவதும் இரும்புப் பெட்டிக்குள் போய் ஆவியில் அவிந்து வரும். நாங்கள் மூட்டைமூட்டையாகக் கட்டிக் கொடுத்தோம். மூட்டைமூட்டையாகவே திரும்பி வந்தது. மணி பத்துக்கூட ஆகவில்லை. எல்லாருக்கும் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது.

சித்தி மட்டும் கம்பளிக்குள் கொஞ்சம் பருத்துத் தெரிந்தாள்.

அங்கே டாக்டருக்கு உதவியாக ஒரு டிரசர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கோபக்காரர் இல்லை, ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் பேசமாட்டார். சித்தியைப் பார்த்து நின்றார்.

"அம்மா, உதென்ன வயித்திலை?"

"முழுகாம இருக்கேங்க" என்றாள் சித்தி.

அவர் சித்தியின் நரைத்த தலையைப் பார்த்தார். "எத்தினை மாசம்?"

"இப்பதாங்க. கப்பல்ல ஏறுனப்பறம்."

கொட்டகையே சிரித்தது. பக்கத்தில் நின்ற ஆயா சிரிக்காமல் கம்பளியை ஒரு இழுப்பு இழுத்தாள். அரக்குப் பட்டு சரிந்து, அவிந்து வந்த மூட்டைகள்மேல் விழுந்தது.

தாலி ஏறுமுன் கூறை நனையக்கூடாது. எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம். அதுவும் ஊரார் அழுக்குத் துணியோடு அவிவதென்றால் சித்திக்கு உயிர் போன மாதிரி. அதனால் இடுப்பில் சுற்றிக்கொண்டு முழுகாமல் இருக்கிறேன் என்றுவிட்டாள். நரைத்த பிறகு அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

டிரசர் பெருமூச்சு விட்டார். "அவியாத சீலை ஒண்டு அவிஞ்ச துணியளிலை பட்டிட்டுது. இனி எல்லாத்தையும் திருப்பி அவிக்கோணும்."

"எல்லாருதுமா?" என்று ஒரு குரல்.

"எல்லாற்றையும். இந்த முறை மூட்டை கட்டாதையுங்கோ. ஆவி உள்ளுக்குப் போகோணும். அவிட்டுப் போடுங்கோ."

"படகு, ஐயா?"

"படகு பன்னிரண்டுக்கு. அதை நான் நிப்பாட்டேலாது."

சித்தி கூறையைத் தானே கொண்டுபோய்ப் போட்டாள். பெற்ற பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி போட்டாள்.

4

இரண்டாம் முறை வெளியே வந்தது ஒரு மலை. கொட்டகை நடுவில் பலகைமேல் கொட்டினார்கள். புகைந்துகொண்டிருந்தது. சேலை, ரவிக்கை, வேட்டி, பாவாடை, கோவணம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி, இடியாப்பம் மாதிரி.

பெண்கள் எல்லாரும் விழுந்தார்கள். அவரவர் துணியை அவரவர்தான் எடுக்கவேண்டும். அடுத்தவள் தொட்டால் தீட்டு. ஒருத்திக்கு இன்னொருத்தி என்ன சாதி என்று தெரியாது. தெரியாததால் இன்னும் பயம். "எந்துணிய யாரும் தொடாதீங்க" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே எல்லாரும் எல்லார் துணியையும் புரட்டினார்கள். மேலே கிடந்தது அடியில் போனது. அடியில் கிடந்தது மேலே வந்து மறுபடி அடியில் போனது. ஒருத்திக்கும் ஒரு துணி முழுதாகக் கையில் வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் கம்பளியோடு நின்றார்கள். "அம்மா, எங்களுக்கு எது வேணும்னாலும் குடுங்க. சேலையா இருந்தாலும் பரவால்ல" என்று ஒருவர் கத்தினார்.

எல்லாரிலும் சத்தமாக இருந்தது சுபைதா. நாகூர்ப் பக்கம். பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த புருஷனிடம் போகிறவள். அவளுடையது வெள்ளைத் துப்பட்டி, வெளியே போனால் தலையோடு போர்த்திக்கொள்வது. "எந்துப்பட்டில எவ கை பட்டாலும் ஒடிச்சிருவேன்" என்றாள். பிறகு சித்தி பக்கம் திரும்பி, "முழுகாம இருக்காளாம், முழுகாம. எங்க எல்லாரையும் முழுக அடிச்சிட்டா" என்றாள்.

சித்தி மூலையில் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. எதிரே படகு புகை கக்க ஆரம்பித்தது தெரிந்தது. படகுக்கார மலாய்க்காரன் கரையில் நின்று "செப்பாட், செப்பாட்" என்று கத்தினான். சீக்கிரம் என்று அர்த்தம். நான் கற்ற முதல் மலாய் வார்த்தை அதுதான்.

சந்தையில் மழை வந்தால் அப்பா எந்தத் துணி எங்கே என்று தேடமாட்டார். ஓரத்தில் ஆரம்பித்து மடித்துக்கொண்டே போவார். எனக்கு அது ஞாபகம் வந்தது என்றுகூடச் சொல்லமாட்டேன். கைதான் போனது. குவியல் ஓரத்தில் கிடந்ததை உருவினேன். யாரோ ஒருத்தியின் பச்சைச் சுங்கடி. மோவாயில் கவ்வி, இழுத்து, மடித்து, முந்தானையை வெளியே வைத்துப் பலகையில் போட்டேன். அடுத்தது ஒரு வேட்டி. அடுத்தது ஒரு பாவாடை.

"ஏய், அது எம்புடவை" என்றாள் ஒருத்தி.

"எடுத்துக்கங்க. மடிச்சாச்சு."

அவள் எடுத்துக்கொண்டாள். தீட்டு ஞாபகம் அவளுக்கு அப்புறம்தான் வந்திருக்கும். அதற்குள் அடுத்தவள் புடவை பலகைக்கு வந்துவிட்டது.

5

இந்த இடத்தில் ராசம் நிறுத்தினாள். "ஏம்மா ஒருத்தங்க துணிய ஒருத்தங்க தொடக்கூடாது? அழுக்கா? அவிச்சு வந்ததுதானே?"

அவள் பெட்டியில் இப்போது கிடக்கிற பூப்போட்ட சட்டை அவள் சீனத் தோழியுடையது. ராசம் தோழி வீட்டுக்குப் போகும்போது மழையில் நனைந்தாளாம், அங்கே மாற்றிக்கொண்டு வந்தாள். நானும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். தீட்டு என்றால் அவளுக்கு விளங்கவைக்க எனக்கு மலாயிலும் வார்த்தை தெரியாது, இங்கிலீஷிலும் தெரியாது. அவளுக்கு அது தெரியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"அப்பல்லாம் அப்படி" என்றேன்.

"அப்பறம்? படகு போயிருச்சா?" என்றான் சின்னவன். கால்சட்டை போடுகிறவன் அவன். வேட்டி கட்டச் சொன்னால் ஓடிவிடுவான். கதை என்றால் மட்டும் தமிழில் உட்காருவான்.

6

ரவிக்கையும் வேட்டியும் ஒரு ஆளால் மடிக்கலாம். ஈரத்தில் கனத்த நீளப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்நுனி தரையில் கிடந்தது. யாரும் குனியவில்லை.

சுபைதா குனிந்தாள்.

"என்னா புள்ளே பாக்குறே. இழு" என்றாள்.

இழுத்தோம், உதறினோம். அவள் நடந்து வந்து தன் நுனியை என் கையில் கொடுத்துவிட்டு மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். மறுபடி வந்தாள். மூன்றாவது புடவைக்குள் எங்களுக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. பேச்சே இல்லை. போவாள், வருவாள், கையோடு கை தட்டும், அடுத்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பிறகு நாலு பேர். வேட்டிகளை வேலிக்கு மேலே வீசினோம். ஆண்கள் பிடித்தார்கள். குவியல் குறைகிறது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வெள்ளைத் துப்பட்டி வந்தது. விரித்தோம். நடுவில் பெரிய ரோஜா நிறத் திட்டு. கீழே பார்த்தேன். அடியில் என் கூறை கிடந்தது. அரக்குச் சாயம் ஆவியில் இளகி, தொட்ட வெள்ளையிலெல்லாம் இறங்கியிருந்தது. வேட்டிகளிலும் இருந்திருக்கும். அவசரத்தில் பார்க்கவில்லை.

சுபைதா திட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பின்னால் எல்லாரும் நிற்கிறார்கள். ஒருத்தி பார்த்துவிட்டால் போச்சு. ஊர்ச் சண்டை, படகு போய்விடும்.

"உள்ளார மடி" என்றாள், உதடு அசையாமல்.

"அக்கா…"

"மடி புள்ளே. சண்டைய கடல்ல வச்சுக்குவம்."

திட்டை உள்ளே வைத்து மடித்தோம். அதற்குப் பிறகு வந்த வெள்ளையெல்லாம் அப்படித்தான். அவள் கண்ணால் காட்டுவாள், நான் உள்ளே திருப்புவேன். கடைசியாகக் கூறையை எடுத்தேன். ஜரிகை ஜரிகையாகவே இருந்தது. நிறம்தான் ஒரு பங்கு ஊருக்குப் போயிருந்தது. மடித்துச் சித்தி மடியில் வைத்தேன்.

படகுக்காரன் சங்கு ஊதினான். இருந்ததை உடுத்திக்கொண்டு ஓடினோம். பாதிப்பேர் கம்பளியை அவிழ்த்தது படகுத்துறைப் பாலத்தின்மேல்தான். டிரசர் ஓரமாக நின்று, "பாத்து, பாத்துப் போங்கோ" என்றார். கடைசியாக ஏறியது சித்தி. கால் வைத்ததும் படகு நகர்ந்தது.

கரை கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒருவர் தன் வேட்டியைப் பார்த்தார். பின்பக்கம் முழுக்க ரோஜா நிறம். அடுத்தவர் தன்னுடையதைப் பார்த்தார். ஒருத்தி தலைப்பை விரித்தாள். படகு முழுக்கக் கூச்சல். யார் செய்தது, யார் வீட்டுச் சாயம், யார் பதில் சொல்வது.

சுபைதா துப்பட்டியை விரித்துத் திட்டு நடுநெற்றிக்கு மேலே வருகிற மாதிரி போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இப்ப என்னாங்கிறீங்க? படகத் திருப்பச் சொல்லவா? மூணாவது வாட்டியும் அவிச்சுக் கட்டிக்கிட்டு வாங்க."

பின்வேட்டி சிவந்தவர் மட்டும் மெதுவாகக் கேட்டார், "கலியாணச் சாப்பாடாவது உண்டா, தாயி?"

கம்பளி சரிந்தபிறகு சித்தி முதல்தடவையாக வாயைத் திறந்தாள். "எல்லாரும் வந்துருங்க."

7

மாமன் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலிலேயே பந்தல். மறுநாள் விடியற்காலை என்னைக் கூறை உடுத்தி உட்காரவைத்தார்கள். வெளுத்த அரக்கு. மாமி, அதாவது என் மாமியார், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பந்தல் பக்கம் திரும்பினார். அவருக்கு வேறு மனக்குறை.

"பொண்ணு பக்கம் சித்தி ஒருத்திதானா? பந்தல்ல அந்தப் பக்கம் வெறிச்சுன்னு கெடக்கே. பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

மேளம் ஆரம்பிக்கிற நேரம். சந்து முனையில் சலசலப்பு. எட்டிப் பார்த்தேன்.

வந்துகொண்டிருந்தார்கள். பச்சைச் சுங்கடிக்காரி, பாவாடைக்காரி, வேலிக்கு மேலே வேட்டி பிடித்தவர்கள். மாற்றுத் துணி யாருக்கும் கிடையாது. அவிந்த துணியையே நீவி உடுத்தியிருந்தார்கள். தோளில் ரோஜா நிறம், முழங்காலில் ரோஜா நிறம், துண்டில் ரோஜா நிறம். முன்னால் வெள்ளைத் துப்பட்டி, நெற்றியில் திட்டு. பக்கத்தில் அவள் புருஷன், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. நேராகப் போய் வெறிச்சென்று கிடந்த பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாய் பற்றாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள்.

மாமி திகைத்துப்போய் நின்றார். "யாருங்க இவ்வளவு பேரும்?"

சுபைதா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க. கூறையப் பாருங்க, எங்களப் பாருங்க. தெரியலையா?"